வீட்டில் பாதி, வெளியில் பாதி

பழைய வால்வு ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றும் குமிழைத் திருகினால், உள்ளே அரைவட்டத் தகடுகளின் அடுக்கு ஒன்று இன்னொன்றுக்குள் நுழையும், அல்லது விலகும். அந்த மாறு மின்தேக்கியும் பக்கத்திலிருக்கும் கம்பிச்சுருளும் சேர்ந்து எந்த அதிர்வெண்ணுக்கு இசைகின்றனவோ அந்த அலை மட்டும் ஓங்கும். ஏரியலில் வந்து விழும் மற்ற அலைகள் அடங்கிப்போகும். விரலுக்கும் பாட்டுக்கும் நடுவே மூன்றாம் ஆள் கிடையாது. பெட்டியைச் செய்த கம்பெனியை இழுத்து மூடிவிட்ட சங்கதி பெட்டிக்குத் தெரியாது. அறுபது வருஷம் பரணில் கிடந்த செட்டை இறக்கி, கெட்டுப்போன மின்தேக்கிகளை மாற்றினால், மீடியம் வேவ் ஒலிபரப்பு இருக்கும் ஊரில் இன்றும் அது பேசும்.

இணைய ரேடியோவைப் பார்த்தால் அதே குடும்பம் என்றுதான் தோன்றும். மர உறை, துணி மூடிய ஸ்பீக்கர், முகப்பில் ஒரு குமிழ். ஆனால் உள்ளே இருப்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். ஆன் பொத்தானை அழுத்தியதும் அது முதலில் தன் மென்பொருளை ஏற்றிக்கொள்கிறது. வைஃபையைத் தேடி, பாஸ்வேர்டைக் காட்டி உள்ளே நுழைகிறது. ரவுட்டரிடம் தனக்கொரு முகவரி வாங்குகிறது. இணையத்தில் மணி கேட்டுத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறது. அடுத்து, நிலையப் பட்டியல் வைத்திருக்கும் ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வரைக் கூப்பிட்டு, நான்காம் எண்ணில் சேமித்த ஸ்டேஷன் இன்றைக்கு எந்த முகவரியில் இருக்கிறது என்று விசாரிக்கிறது. அந்த முகவரிக்குப் போனால் பல சமயம் அங்கே பாட்டு இருக்காது; பாட்டு எங்கே இருக்கிறது என்று சொல்லும் இன்னொரு சிறு கோப்புதான் இருக்கும். அதைப் படித்து, ஒலி தரும் சர்வரோடு இணைந்து, வரும் தரவைக் கொஞ்சம் சேர்த்துவைத்து, எம்.பி.3-யையோ ஏ.ஏ.சி.-யையோ பிரித்து ஒலியாக்கிய பிறகே ஸ்பீக்கர் வாய் திறக்கிறது.

இந்த வரிசையில் பாதிதான் வீட்டுக்குள் நடக்கிறது. மீதி, நாம் பார்க்காத சர்வர்களில், நமக்குத் தெரியாத ஒப்பந்தங்களின்படி நடக்கிறது. வீட்டு இணைய ரேடியோவைப் பற்றிய புகார்களை அடுக்கிப் பார்த்தால் அநேகமாக எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றே: பாதிப் பெட்டியை முழுப் பெட்டி மாதிரி வடிவமைத்து விற்கிறார்கள்.

அழுத்தினால் பேசாத பொத்தான்

முதல் புகார் தாமதம். எஃப்.எம். ரேடியோ போட்டவுடன் பாடும். முழுதாக அணைத்த இணைய ரேடியோவை எழுப்பினால் அரை நிமிடம்கூட ஆகலாம். மேலே சொன்ன ஒவ்வொரு படியும் ஒன்றிரண்டு நொடி தின்கிறது. அந்த நேரத்தில் திரை இருட்டாக இருந்தால் மனிதர் என்ன செய்வார்? பொத்தானை இன்னொரு தடவை அழுத்துவார். விழித்துக்கொண்டிருந்த பெட்டி அதை ‘அணை’ என்று எடுத்துக்கொண்டு மறுபடி தூங்கப் போய்விடும். பொத்தான் அழுத்தப்பட்ட அதே கணத்தில் ஒரு விளக்கு எரிந்தால் போதும், இது நடக்காது. செலவில்லாத திருத்தம், ஆனாலும் பல பெட்டிகளில் இல்லை.

பெட்டியை அரைத் தூக்கத்தில், வைஃபை தொடர்போடு வைத்திருந்தால் சீக்கிரம் பாடும். அதற்கு மின்சாரம் செலவாகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013-ஆம் ஆண்டு விதி, வலையமைப்போடு தொடர்பிலிருந்தபடி தூங்கும் சாதாரணக் கருவிகளுக்கு உச்சவரம்பு வைத்தது. அது படிப்படியாக இறங்கி 2019 முதல் 2 வாட் ஆயிற்று. இரண்டு வாட் என்றால் வருஷத்துக்குச் சுமார் 17.5 யூனிட். வைஃபையையும் அணைத்துவிட்ட ஆழ்ந்த தூக்கத்துக்கு இதில் கால்வாசி போதும், ஆனால் எழுந்திருக்க நேரமாகும். எது வேண்டும் என்பதை வாங்கியவர் தீர்மானிக்கட்டும் என்று செட்டிங்கில் விட்டுவிடுவதே நியாயம்.

நிரம்பாத தொட்டி

இரண்டாவது புகார், பாட்டு நடுவில் அறுந்துபோவது. உடனே வைஃபை வேகத்தைத்தான் சந்தேகிப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேகத்தின்மேல் குற்றமில்லை. இணைய ரேடியோவில் சகஜமான 128 கிலோபிட் ஒலியோட்டம் விநாடிக்கு 16 கிலோபைட்தான் கேட்கிறது. பழைய வைஃபைகூட அதைப்போல பல மடங்கு தரும். சிக்கல் தொடர்ச்சியில். மலிவான பெட்டிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் பேசும். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் அங்கேதான். சமையல்கட்டில் ரேடியோவை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால், குழம்பு சூடாகும் நேரத்தில் தரவு திக்கித் திணறும்.

இதற்குத்தான் பஃபர். மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும் மாடித் தொட்டி இருந்தால் குளியலறையில் தடையில்லை. 128 கிலோபிட் ஒலி ஒரு மெகாபைட் நினைவகத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் கொள்ளும். நினைவகம் இன்று கொள்ளை மலிவு. அப்படியானால் ஏன் எல்லா ரேடியோவும் ஐந்து நிமிடம் சேர்த்துவைப்பதில்லை?

நேரடி ஒலிபரப்பில் இன்னும் பேசாத பேச்சை யாரும் அனுப்ப முடியாது. சர்வர் ஒரு விநாடி ஒலியை ஒரு விநாடியில்தான் தருகிறது; நாமும் ஒரு விநாடியில் அதைக் கேட்டுத் தீர்க்கிறோம். வரவும் செலவும் சமம், மிச்சம் எங்கிருந்து வரும்? அரை நிமிடம் சேர்க்கவேண்டுமானால் முதலில் அரை நிமிடம் மௌனமாகக் காத்திருக்கவேண்டும். சர்வர்கள் இதற்கு ஒரு சலுகை தருகின்றன. இணைந்தவுடன், ஏற்கெனவே ஒலித்துமுடிந்த சில விநாடிகளை ஒரே மூச்சில் கொட்டிவிடும். பலர் பயன்படுத்தும் ஐஸ்காஸ்ட் என்ற சர்வர் மென்பொருள், யாரும் மாற்றாவிட்டால், சுமார் 64 கிலோபைட் கொடுக்கும். அது நான்கு விநாடி ஒலி. ஆக, கேட்பவர் தாங்கும் தாமதமும் சர்வர் தரும் முன்பணமும் சேர்ந்துதான் பஃபரின் அளவை முடிவு செய்கின்றன.

கெட்டிக்கார வடிவமைப்பாளருக்கு ஒரு வழி உண்டு. இரண்டு விநாடி சேர்ந்ததும் பாட ஆரம்பித்துவிட்டு, சுருதி மாறாதபடி வேகத்தை மட்டும் அரை சதவீதம் குறைத்துப் பாடவேண்டும். காதுக்குத் தெரியாது, பத்து நிமிடத்தில் மூன்று விநாடி மிச்சமாகியிருக்கும்.

இந்த நுட்பம் இன்னொரு நோய்க்கும் மருந்து. நிலையத்தில் ஒலியை எண்ணாக்கும் கருவி ஒரு படிகக் கடிகாரத்தின் தாளத்தில் ஓடுகிறது. நம் ரேடியோ வேறொரு படிகத்தின் தாளத்தில் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வித்தியாசம் வருவது சாதாரணம். ஒரு நாளின் 86,400 விநாடியில் அது 4.3 விநாடி. நம் பெட்டியின் கடிகாரம் வேகமானதாக இருந்தால், நான்கு விநாடி பஃபர் ஒரு நாளுக்குள் காலியாகிவிடும். காலையிலிருந்து சரியாகப் பாடிய ரேடியோ ராத்திரி காரணமே இல்லாமல் ஒரு தடவை விக்குகிறதே, ஏன் என்று வீட்டில் குழம்புவார்கள். வைஃபையும் இணையமும் பழுதில்லாமல் இருக்கும்; இரண்டு படிகங்கள் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். பஃபரின் மட்டத்தைக் கவனித்து வேகத்தை இம்மியளவு ஏற்றி இறக்கும் பெட்டிக்கு விக்கல் வராது.

பஃபருக்கு ஒரு விலையும் உண்டு. பி.பி.சி. 1924 பிப்ரவரி முதல் மணிக்கு மணி ஆறு ‘பிப்’ ஒலிகளை அனுப்பிவருகிறது. கடைசி ஒலியில் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம் என்பது ஏற்பாடு. இணைய ரேடியோவில் அந்த ஒலி பிந்திவிடும். எச்.எல்.எஸ். என்ற முறையில் ஒலியைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புவார்கள். ஆறு விநாடித் துண்டுகள் மூன்று கைக்கு வந்த பிறகு பாடத் தொடங்கும் பெட்டி, பதினெட்டு விநாடி பின்தங்கியே இருக்கும். கிரிக்கெட் வர்ணனை கேட்பவருக்குப் பக்கத்து வீட்டுக் கூச்சல் முன்கூட்டியே விக்கெட்டைச் சொல்லிவிடும்.

ஒற்றைக் குமிழின் கொடுமை

முகப்பு அழகாக இருக்கவேண்டும் என்று பொத்தான்களைக் குறைத்துக்கொண்டே போய், சில பெட்டிகளில் ஒரே ஒரு குமிழில் நிறுத்தியிருக்கிறார்கள். திருகினால் ஒலி கூடும். அழுத்திவிட்டுத் திருகினால் ஸ்டேஷன் மாறும். நீளமாக அழுத்தினால் மெனு. ஒரே செயலுக்குப் பெட்டி இருக்கும் நிலையைப் பொறுத்து வெவ்வேறு பலன். இப்படிப்பட்ட கருவிகளில் மனிதர் செய்யும் தவறுகளுக்கு ‘நிலைப் பிழை’ என்று தனி வகையே உண்டு. வடிவமைப்பு அறிஞர் டொனால்ட் நார்மன் இதை விரிவாக எழுதியிருக்கிறார். தொலைபேசி மணி அடிக்கும்போது சத்தத்தைக் குறைக்கக் கை போகும். குமிழ் அப்போது மெனுவில் இருந்தால் சத்தம் குறையாது, ஸ்டேஷன் பறிபோகும்.

உச்சகட்டக் கொடுமை பாஸ்வேர்ட் எழுதுவது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி எல்லாம் சேர்ந்து சுமார் 90 குறிகள் திரையில் வளையமாகச் சுற்றும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கிட்டின பக்கமாகப் போனாலும் சராசரி 22 சொடுக்கு. பன்னிரண்டு எழுத்துப் பாஸ்வேர்டுக்கு 260 சொடுக்குக்கு மேல். குமிழ் ஒரு முழுச் சுற்றுக்கு 20 சொடுக்கு என்றால் பதின்மூன்று சுற்று. கடைசி எழுத்தில் கை தவறினால் சில பெட்டிகள் மொத்தத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து கேட்கும். பாஸ்வேர்டை போனில் தட்டி அனுப்பும் வழி இருந்தால் இந்த வேலை ஒரு நிமிடத்தில் முடியும். ஆனால் செயலி இல்லாமல் உயிர்பெறாத பெட்டி, செயலி கைவிடப்படும் நாளில் ஊமையாகிவிடும். இரண்டு வழியும் இருப்பதே பாதுகாப்பு.

நல்ல முகப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க, பார்வையற்றோருக்கான பெட்டிகளைப் பார்க்கலாம். பிரிட்டனில் 1920-களின் இறுதியிலிருந்து பார்வையற்றோருக்கு ரேடியோ கொடுத்துவரும் பிரிட்டிஷ் வயர்லெஸ் ஃபார் த பிளைண்ட் ஃபண்ட் என்ற அறக்கட்டளை உண்டு. இவ்வகைப் பெட்டிகளின் இலக்கணம் எளிது: பெரிய, தடவி அறியக்கூடிய பொத்தான்கள், பின்னணியிலிருந்து எடுப்பாகத் தெரியும் நிறம், ஒரு பொத்தானுக்கு ஒரே வேலை. கண்ணில்லாதவருக்காகச் செய்தது, கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும் தாத்தாவுக்கும் மாவு பிசைந்த கையோடு நிற்பவருக்கும் அப்படியே பொருந்துகிறது.

‘அம்மா’ என்று எழுதினால்

தமிழ் நிலையம் கேட்பவர்களுக்கென்று தனியாக ஒரு தொல்லை இருக்கிறது. பாடும் பாட்டின் பெயர் திரையில் ஓடவேண்டிய இடத்தில், தலையில் சாய்கோடு போட்ட லத்தீன் எழுத்தும் வட்டத்துக்குள் அடைபட்ட ஆங்கில ‘ஆர்’ எழுத்தும் மாறிமாறி ஓடும்.

ஒலியோட்டத்தின் நடுவே, உதாரணமாக 16,000 பைட்டுக்கு ஒருமுறை, சர்வர் ஒரு சிறு சீட்டைச் செருகுகிறது. சீட்டின் முதல் பைட் அதன் நீளத்தைச் சொல்லும். அதை 16-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். தொடர்ந்து பாட்டின் பெயர். 1990-களின் இறுதியில் ஷவுட்காஸ்ட் என்ற மென்பொருளோடு புழக்கத்துக்கு வந்த இந்த ஏற்பாட்டில், பெயர் எந்த எழுத்துக் குறியீட்டில் இருக்கவேண்டும் என்று யாரும் வரையறுக்கவில்லை. இன்று நிலையங்கள் யு.டி.எஃப்-8 குறியீட்டில் அனுப்புகின்றன. அதில் ‘அ’ என்பது 224, 174, 133 என்ற மூன்று பைட். ‘ம’ என்பது 224, 174, 174. ‘அம்மா’ என்ற சொல்லுக்குப் புள்ளியும் துணைக்காலும் சேர்த்து 15 பைட். பழைய லத்தீன் அட்டவணையை மட்டும் படித்த பெட்டி ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. அந்த அட்டவணையில் 224 சாய்கோடு போட்ட எழுத்து. 174 பதிவுபெற்ற வணிகச் சின்னத்தின் குறி. தமிழ் எழுத்துக்கள் எல்லாமே 224-இல் தொடங்குவதால் திரை முழுக்க அந்த முகமே தெரிகிறது.

குறியீட்டைப் புரிந்துகொண்டால் மட்டும் போதாது. தமிழ் எழுத்துரு வேண்டும். எழுத்துரு இருந்தாலும், ‘கெ’ என்று எழுதும்போது பின்னால் வரும் ஒற்றைக்கொம்பை முன்னால் கொண்டுவந்து வைக்கும் அறிவு வேண்டும். போன்களில் இது பல வருஷங்களுக்கு முன்பே தீர்ந்த விஷயம். ரேடியோவில் தீராததற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை. பெட்டியை வடிவமைக்கும் மேஜையில் இந்த எழுத்தைப் படிக்கிற ஆள் உட்காரவில்லை என்பதுதான்.

காலை ஆறு மணி

படுக்கையருகே வைக்கும் ரேடியோவின் முதல் கடமை அலாரம். இங்கே பாதிப் பெட்டியின் பலவீனம் பட்டவர்த்தனமாகத் தெரியும். ஆறு மணிக்கு ஸ்டேஷன் கிடைக்காவிட்டால் பெட்டி என்ன செய்யவேண்டும்? உள்ளேயே வைத்திருக்கும் ஒரு மணியோசையை அடிக்கவேண்டும். ‘இணைப்பில் கோளாறு’ என்று திரையில் எழுதிவிட்டுச் சும்மா இருந்தால், தூங்குகிறவர் அதை எப்படிப் படிப்பார்?

மின்வெட்டு இன்னொரு சோதனை. கடிகாரத்துக்கென்று சின்ன பேட்டரி வைக்காத பெட்டி, மின்சாரம் வந்ததும் இணையத்தில் மணி கேட்கும். ரவுட்டர் அப்போதுதான் எழுந்துகொண்டிருக்கும், பதில் வராது. மணி தெரியாத பெட்டி தன்னை 1970 ஜனவரியில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். அந்த நினைப்போடு பாதுகாப்பான இணைப்புக்குப் போனால், சர்வர் நீட்டும் சான்றிதழ் எதிர்காலத் தேதியில் இருக்கிறதே என்று மறுத்துவிடும். சில ரூபாய் பேட்டரி ஒன்று இல்லாததால் அலாரமும் போச்சு, பாட்டும் போச்சு.

சான்றிதழுக்கு ஆயுளும் உண்டு. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலவசச் சான்றிதழ் சேவை தொடக்கத்தில் சார்ந்திருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத எத்தனையோ பழைய கருவிகள் நேற்றுவரை பேசிய சர்வர்களை நம்ப மறுத்தன.

பட்டியல் செத்தால்

இந்தத் தொழிலின் வரலாறு இழுத்து மூடல்களின் வரலாறு. கெர்பாங்கோ என்ற அமெரிக்கக் கம்பெனி, மேஜைமேல் வைக்கும் இணைய ரேடியோவைச் செய்துகாட்டியது. அதை 2000-இல் த்ரீகாம் நிறுவனம் சுமார் 8 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த வருஷமே மூடியது. பெட்டி கடைக்கே வரவில்லை.

கடைக்கு வந்தவற்றுக்கும் நிம்மதி இல்லை. பிரிட்டனின் ரெசிவா, பல பிராண்டு ரேடியோக்களுக்கு உள்ளிருக்கும் சர்க்யூட்டையும் நிலையப் பட்டியலையும் கொடுத்தது. 2021 ஏப்ரல் இறுதியில் அந்தப் பட்டியல் சர்வர் நின்றது. உலகெங்கும் நல்ல ஸ்பீக்கரும் நல்ல மர உறையும் கொண்ட பெட்டிகள், நிலையங்கள் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும்போதே அவற்றின் முகவரி தெரியாமல் திகைத்து நின்றன. நிலையங்களின் பக்கமிருந்தும் அடி வரும். பி.பி.சி. 2015 தொடக்கத்தில் விண்டோஸ் மீடியா முறையில் ஒலி அனுப்புவதைக் கைவிட்டது. அந்த முறையை மட்டும் கற்ற பெட்டிகளுக்கு பி.பி.சி. அன்றோடு சரி.

இதற்கு மாறான கதை ஒன்று உண்டு. ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு கம்பெனி ‘ஸ்குவீஸ்பாக்ஸ்’ கருவிகளைச் செய்தது. அவற்றுக்கு ஒலி கொடுக்கும் சர்வர் மென்பொருளை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளும்படி திறந்து வைத்தது. 2006-இல் லாஜிடெக் அந்தக் கம்பெனியை வாங்கியது. 2009-இல் ஸ்குவீஸ்பாக்ஸ் ரேடியோவை வெளியிட்டது. 2012-இல் அந்த வரிசையையே நிறுத்தியது. 2024-இல் இணைய சர்வரையும் மூடியது. ஆனாலும் பெட்டிகள் சாகவில்லை. ஆர்வலர்கள் அதே சர்வர் மென்பொருளை ‘லிரியன்’ என்ற புதுப் பெயரில் வளர்த்துவருகிறார்கள். ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி அதில் ஏற்றினால், வெளியிலிருந்த பாதி வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

திறந்து வைக்காத பெட்டிகளையும் சிலர் காப்பாற்றியிருக்கிறார்கள். வி-டியூனர் என்ற பட்டியல் சேவையை நம்பிய ரேடியோக்களுக்கு ‘ஒய்காஸ்ட்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. வீட்டு வலையமைப்பில் வி-டியூனரின் பெயரை யாராவது கேட்டால் நம் சொந்த சர்வரின் முகவரியைச் சொல்லும்படி அமைத்துவிட்டால், ரேடியோ ஏமாந்து அதனிடம் பட்டியல் வாங்கிக்கொள்ளும். அந்தப் பெட்டிகள் சான்றிதழ் எதையும் சோதிப்பதில்லை. அதனால்தான் இது பலிக்கிறது. பாதுகாப்பு இல்லாத பெட்டி அந்த ஓட்டை வழியாகவே பிழைத்துக்கொண்டது. புதிய பெட்டிகள் கறாராகச் சான்றிதழ் கேட்கின்றன. கம்பெனி கைவிட்டால் அவற்றை இப்படி ஏமாற்றி வாழவைக்க முடியாது. பாதுகாப்பு கூடக் கூட, பெட்டியின் உயிர் கம்பெனியின் கையில் இன்னும் இறுகுகிறது.

கடையில் கேட்கவேண்டியவை

ஆகவே ரேடியோ வாங்கப் போகிறவர் ஸ்பீக்கரின் அளவைக் கேட்பதற்கு முன் வேறு சிலவற்றைக் கேட்கவேண்டும். நிலையத்தின் முகவரியை நானே தட்டி ஏற்ற முடியுமா? ஏற்றியது பெட்டிக்குள் தங்குமா, கம்பெனி சர்வரில் தங்குமா? இணையம் இல்லாதபோது எஃப்.எம். பாடுமா, வீட்டுக் கம்ப்யூட்டரிலிருக்கும் பாட்டை எடுக்குமா? அலாரத்துக்கு உள்ளேயே மணி உண்டா? ஒலிக்குத் தனிக் குமிழ் உண்டா? இவற்றுக்கு ‘உண்டு’ என்று பதில் வந்தால், வெளிப்பாதி போனாலும் வீட்டுப் பாதி உபயோகப்படும்.

கேட்பவரின் சாமர்த்தியத்தை மட்டும் நம்பி இதை விட்டுவிட முடியாது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, இணையத்தோடு பேசும் வீட்டுக் கருவிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் குறைந்தபட்சம் எதுவரை வரும் என்பதைத் தயாரிப்பாளர் அறிவித்தாக வேண்டும். நல்ல தொடக்கம். ஆனால் ரேடியோவின் உயிர்நாடியான பட்டியல் சர்வர் எத்தனை வருஷம் ஓடும் என்று சொல்லும்படி அது கேட்கவில்லை. மருந்துப் பட்டையிலும் ரொட்டிப் பொட்டலத்திலும் காலாவதித் தேதி அச்சிடுகிறோம். காலாவதியாகும் என்று தெரிந்தே விற்கப்படும் ரேடியோவின் அட்டையிலும் அந்த வருஷம் இருக்கவேண்டும். அந்த வருஷத்துக்குப் பிறகு சர்வரோடு பேசும் முறையைக் கம்பெனி வெளியிடும் என்ற உறுதிமொழியும் கூடவே இருக்கவேண்டும்.